படிவத்தில் இல்லாத கடலை

பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். அவர் அறைக்குள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே அவருடைய வயிறு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் என்று துறையில் சொல்வார்கள். மனித உடல் எதைத் தின்று எப்படிப் பிழைக்கிறது, வெயிலுக்கும் குளிருக்கும் பசிக்கும் தன்னை எப்படி வளைத்துக்கொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பிறத்தியார் பசியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை அடுக்கிவைத்தால் ஏணி இல்லாமல் பரணில் ஏறலாம். அந்தப் பசியைத் தேடிப்போய், கிள்ளிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, எழுதிக்கொண்டு வருகிற வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. அதற்கு ஒருத்தி இருந்தாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவள் டேப்பக்கா. பத்தொன்பது வருடம் கழுத்தில் அளவு நாடாவோடு திரிந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அதற்கு முன்னால் ஒரு சுகாதார நிலையத்தில் குழந்தைகளை எடை பார்க்கும் வேலை. கைகால் உதறி அலறுகிற குழந்தைகூட அவள் கை பட்டதும், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டாற்போல் அடங்கித் தராசில் கிடக்கும். அங்கே ஒருநாள் வந்த பேராசிரியர், ஒரே குழந்தையின் தலையை அவள் இரண்டு தடவை அளந்தும் இரண்டு தடவையும் ஒரே எண் வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவரே அளந்தால் மூன்று தடவைக்கு நான்கு எண் வரும். அன்றைக்கே அவளைத் துறைக்கு அழைத்துக்கொண்டார்.

அன்று முதல் அவள் அளந்த இடுப்புகளை ஒன்றோடு ஒன்று முடிந்தால் இரண்டு மாவட்டத்துக்கு வேலி போடலாம். செங்கல் சூளை, கல் குவாரி, மீன்பிடித் துறைமுகம், பேருந்துப் பணிமனை என்று அவள் நுழையாத இடம் இல்லை. கடைசியில் அது நோயாகவே போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள். மேல்கையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சங்கிலியைக் காட்ட வந்தால், சங்கிலியை விட்டுவிட்டு, கழுத்தெலும்பு துருத்துகிறது, போய் ரத்தம் பாருங்கள் என்று அனுப்பிவைப்பாள்.

அவள் கணவர் தையல்காரர். அவர் கழுத்திலும் ஒரு நாடா. ஒரே வீட்டில் இரண்டு நாடா தொங்கினால் சண்டைக்குப் பஞ்சமா?

"நான் அளந்தா ஒரு சட்டையாவது வருது. நீ அளந்து என்ன வந்துச்சு?" என்பார்.

"உங்க சட்டை எந்த வாடிக்கைக்காரருக்குச் சரியா வந்துச்சு, அதை மொதல்ல சொல்லுங்க" என்பாள் அவள்.

மாடிப் பகுதியில் தையல்காரரின் தங்கை இருந்தாள். டேப்பக்காவுக்கு நாத்தனார். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களைப் பெற்றதோடு தன் கடமை முடிந்தது என்று கிளம்பிப் போன கணவன் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது, யாரும் தேடவும் இல்லை. நாத்தனாருக்கு நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கிற இடம். இருநூறு பெண்கள். உள்ளே நுழைந்தால் கண்ணாடி போட்டவர்களுக்கு அன்றைக்குப் பார்வை கிடையாது, அவ்வளவு ஆவி. ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கிற உருளைக்குள் நெளியாமல் செலுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. மதியம் கூடமே ஒரு தட்டுச் சாப்பாடு போடும். சோறு, பருப்பு, ஏதோ ஒரு காய், ஒரு முட்டை. நாத்தனாருக்கு அதுதான் நாளின் முழுச் சாப்பாடு. வீட்டில் சமைப்பதைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வதை அவள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

பேராசிரியரின் கண் அந்தக் கூடத்தின் மேல் விழுந்தது. கடும் வெப்பம், கடும் உழைப்பு, கொஞ்சமான தீனி. மூன்றும் ஒரே கூரைக்கடியில் கிடைத்தால் அவரைப் போன்றவருக்கு வேறென்ன வேண்டும்? தகவமைப்பு, தகவமைப்பு என்று பாராயணம் பண்ண ஆரம்பித்துவிட்டார். சூழ்நிலைக்குத் தக்கபடி உடம்பு தன்னை மாற்றிக்கொள்வதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. படிக்காதவர்கள் அதைப் பல்லைக் கடித்துக்கொள்வது என்பார்கள்.

ஒரு வருட ஆராய்ச்சி. மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. சலவைக்கூடத்தில் உடைந்த தள்ளுவண்டிகள் போட்டுவைத்த அறையில் டேப்பக்கா கடை விரித்தாள். உயரம் பார்க்கிற பலகை, தராசு, இடுக்கி. ஒவ்வொருத்தியாக வருவாள். நிமிர்த்தி நிறுத்தி, காதுத் துளையும் கண்ணின் கீழ் ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து உயரம் எடுப்பாள். மேல்கையின் பின்புறத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, இடுக்கியைக் கவ்வவிட்டு, தோலுக்கடியில் எத்தனை மில்லிமீட்டர் கொழுப்பு என்று பார்ப்பாள். அப்புறம் உட்காரவைத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கப் போனது வரை வாயில் போட்டதை எல்லாம் சொல்லச் சொல்லி எழுதுவாள். அளவு காட்டுவதற்குக் கிண்ணங்கள், கரண்டிகள், ரப்பரில் செய்த முட்டை எல்லாம் மேசையில் இருக்கும்.

இங்கேதான் கோளாறு. பேனாவும் படிவமுமாக உட்கார்ந்திருக்கிறவளிடம், நான் வயிறு முட்டத் தின்றேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? கொஞ்சமாகத் தின்றேன் என்று சொல்வதுதான் மரியாதை. பெரிய கிண்ணத்தில் தின்றவள் சிறிய கிண்ணத்தைத் தொட்டுக் காட்டுவாள். இது எல்லா இடத்திலும் நடப்பது. சலவைக்கூடத்தில் இன்னொன்றும் இருந்தது. எப்போதோ ஒரு அறுவை சிகிச்சை விரிப்பில் எண்ணெய்க் கறை வந்துவிட்டதாம். அதிலிருந்து, இயந்திரத்தின் அருகே எதையாவது மென்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதற்காக யாராவது மெல்லாமல் இருந்தார்களா? எண்ணூறு விரிப்பை வெறும் வயிறோடு உதறினால் எண்ணூற்றோராவது விரிப்பாக அவளையே மடித்து வைக்க வேண்டியிருக்கும். இருநூறு மேலங்கிப் பைகளிலும் வறுத்த கடலை இருந்தது. மடித்த விரிப்புகளுக்கு நடுவே வாழைப்பழம் இருந்தது. அவித்த முட்டையை முழுசாக வாயில் அடக்கிக்கொண்டு மேற்பார்வையாளருக்கு வணக்கம் சொல்லும் வித்தை ஒவ்வொருத்திக்கும் கைவந்திருந்தது.

ஒருத்தியும் இதைப் படிவத்துக்குச் சொல்லவில்லை. டேப்பக்காவுக்குத் தெரியாதா? வந்தவளின் கையைத் தூக்கி இடுக்கியைப் போடும்போது பையிலிருந்து கடலைத் தோல் தராசின் மேல் உதிரும். அதை வாயால் ஊதித் தள்ளிவிட்டு எடையை எழுதுவாள். சொன்னதை மட்டும் எழுது, சொந்தக் கற்பனை வேண்டாம் என்பது பேராசிரியரின் கட்டளை. பத்தொன்பது வருடத்தில் அவள் அதை ஒரு தடவையும் மீறவில்லை. எல்லாரும் முட்டாள்கள், நமக்கென்ன என்ற அலட்சியம். அந்த அலட்சியத்தில் எண்ணூறு படிவங்களை அழகான கையெழுத்தில் எழுதி முடித்தாள்.

வருடக் கடைசியில் பேராசிரியர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். இந்தப் பெண்கள் சராசரியாகத் தின்றது ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று முப்பது கலோரி. அசையாமல் படுத்துக் கிடந்தாலே அவர்கள் உடம்பு ஆயிரத்து இருநூறை எரித்துவிடும். இவர்களோ படுத்துக் கிடக்கவில்லை. ஆனாலும் வருடம் முழுக்க எடை இம்மியும் குறையவில்லை. முதல் வருட மாணவன்கூட இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொன்ன கணக்கில் எங்கோ ஓட்டை என்று தலையைச் சொறிவான். அப்படிச் சரிபார்ப்பதற்கு அந்தத் துறையில் வழியே வைத்திருக்கிறார்கள். பேராசிரியர் தலையைச் சொறியவில்லை. அவருக்குப் புல்லரித்துவிட்டது. காற்றைக் குடித்து வாழும் மகரிஷிகளைச் சலவைக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார். 'கற்றுக்கொண்ட உடல்கள்' என்று அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார். குறைந்த தீனியில் நிறைந்த உழைப்பு தர இந்த உடல்கள் பழகிவிட்டன என்று எழுதி, அதன் கீழே இரண்டு தடவை கோடு போட்டார்.

அறிக்கையின் நகல் சலவைக்கூட மேலாளருக்குப் போனது. ஒல்லியான மனிதர். வயிற்றுப்புண்காரர். தனக்குப் பசிக்காததால் உலகத்தில் யாருக்கும் பசிக்காது என்று மனதார நம்புகிறவர். எழுத்தில் இருப்பதை எழுத்துப்படி எடுத்துக்கொள்வார். இவ்வளவு கற்றுக்கொண்ட உடல்கள் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொள்ளாதா என்று அவருக்குத் தோன்றியது. வியாழக்கிழமை பேராசிரியர் வந்து அறிக்கையை விளக்குவார், நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும், ஒன்றாம் தேதியிலிருந்து மதியச் சாப்பாடு கிடையாது, அதற்குப் பதில் ஒரு கோப்பைத் தேநீர் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். பேராசிரியருக்கு இது தெரியாமல் இல்லை. மூச்சுக் காற்றை அளந்து உடம்பு எரிக்கும் சக்தியைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்றைத் துறைக்கு வாங்கித் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். கருவி கண்ணில் மின்னியதில் தட்டு மறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நாத்தனார் மாடிக்குப் போகாமல் நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகாம் அண்ணி. மேனேஜர் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றாள்.

"சுத்தி வளைக்காதடி. நான் கேட்டப்போ பையில இருந்த கடலையைச் சொன்னியா நீ? என்கிட்டயே சின்னக் கிண்ணத்தைத்தானே காட்டின?"

"சொன்னா வேலை போகும். சொல்லலைன்னு இப்ப சோறு போகுது. நீங்க படிச்சவங்க அண்ணி. எது போகட்டும்னு நீங்களே சொல்லுங்க."

டேப்பக்கா நாத்தனாரின் மேல்கையைப் பார்த்தாள். பதினோரு மில்லிமீட்டர். அதை அளந்தது அவள். எழுதியதும் அவள். ஒரு தட்டு குறைந்தால் ஆறு மாதத்தில் அது எத்தனையாகும் என்று சொல்ல அவளுக்குப் பேராசிரியர் தேவையில்லை. குவாரியில் பார்த்திருக்கிறாள், சூளையில் பார்த்திருக்கிறாள். பேராசிரியர் மேல் எவ்வளவு எரிச்சல் வந்ததோ அதற்குமேல் தன் அழகான கையெழுத்தின் மேல் வந்தது. தையல்காரர் மட்டும் இயந்திரத்தை நிறுத்தாமலே, எல்லாரும் அளந்து அளந்து கடைசியில் என் தங்கச்சியின் சோற்றில் கைவைத்துவிட்டீர்கள் என்றார். அதற்கு அவள் பதில் பேசவில்லை. அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

மறுநாள் காலை பேராசிரியரிடம் போனாள். பெண்கள் எல்லாவற்றையும் சொல்லவில்லை, கணக்கு தப்பு, அறிக்கையை நிறுத்துங்கள் என்றாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எதைச் சொல்லவில்லை, எந்த எண் படிவத்துப் பெண் சொல்லவில்லை, எப்போது எங்கே தின்றாள், எழுதிக் கொடு, மேலாளரிடம் காட்டித் திருத்திவிடலாம் என்றார். எழுதிக் கொடுத்தால் இருநூறு பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எழுதித் தர முடியாது சார் என்றாள்.

"எண்ணூறு படிவமும் பொய் சொல்லுமாம்மா? உணர்ச்சிவசப்படாதீங்க. இது விஞ்ஞானம்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

டேப்பக்கா அந்தக் கையைப் பார்த்தாள். இழுப்பறைக்கும் வாய்க்கும் நடுவில் அது போய்வந்த விதத்தைப் பார்த்தாள். கைக்கு வழி தெரிந்திருந்தது, மனிதருக்குத் தெரியவில்லை. தான் தின்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

நேராக அலமாரி அறைக்குப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை துறையில் புது மாணவர்களுக்கு அளவெடுக்கப் பயிற்சி கொடுப்பார்கள். பயிற்சிக்கு ஓர் உடம்பு வேண்டும். பத்துப் பேர் சுற்றி நின்று தன்னைக் கவனிக்கிற வாய்ப்பைப் பேராசிரியர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. அவரேதான் நிற்பார். எடை, உயரம், இடுக்கி எல்லாம் டேப்பக்கா அவர்மேல் செய்து காட்டுவாள். சாப்பாட்டுப் படிவத்துக்கும் அவரே பதில் சொல்லிக் காட்டுவார். அந்தத் தாள்களுக்குப் பூஜ்யம் என்று எண் போட்டு அலமாரியில் போட்டுவிடுவார்கள். பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வருடத்தின் நான்கு தாள்களும் அங்கேயே இருந்தன. காலையில் ஒரு துண்டு ரொட்டி. சர்க்கரை போடாத காபி. மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய். ராத்திரி பழம். நான்கு தடவையும் அதே பாட்டு. அவள் உட்கார்ந்து கூட்டினாள். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்து நாற்பது கலோரி. ஒரு வருடத்தில் ஏறிய எடை நான்கு கிலோ.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தின் குளிரூட்டிய அறையில் கூட்டம். நீண்ட மேசை, நடுவில் தட்டு நிறைய பிஸ்கட். மேலாளரும் நிர்வாகத்தார் மூன்று பேரும் ஒருபுறம். பேராசிரியர் எதிர்ப்புறம். அட்டவணைத் தாள்களை எல்லாருக்கும் வைப்பது டேப்பக்காவின் வேலை. வைத்தாள். இருநூறு வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசையை அவள் சேர்த்திருந்தாள். பேராசிரியர் தன் அட்டவணையைப் பார்க்கவில்லை. தான் எழுதியதை மனப்பாடமாக அறிந்தவர் தாளைப் பார்ப்பாரா? உடல் என்பது ஒரு மாணவன் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பொழிந்தார். அதற்குள் பிஸ்கட் தட்டில் பாதி காலி.

எழுத்தில் இருப்பதை எழுத்துப்படி பார்க்கிற மேலாளர்தான் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

"இந்தப் பூஜ்யம் யாரு? எல்லாரையும்விடக் கம்மியா சாப்பிட்டிருக்கு, ஆனா நாலு கிலோ ஏறியிருக்கு" என்றார்.

பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதுதான் தகவமைப்பின் சிகரம் என்றார். இப்படிப்பட்ட உடல் லட்சத்தில் ஒன்றுதான் கிடைக்கும், இதற்குத் தீனி போடுவதே வீண், இந்தப் பெண்ணைத் தனியே வைத்து ஆராய வேண்டும் என்றார். இடுக்கி அளவு முப்பத்தொன்று என்பதைப் படித்ததும் மேசையைத் தட்டினார். பத்தொன்பது வருடத்தில் டேப்பக்கா அவர் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அது நீங்கதான் சார்" என்றாள். "மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்போ எழுதினது. நாலு தாள்லயும் உங்க கையெழுத்து இருக்கு."

தாள்களை மேசையில் வைத்தாள். பேராசிரியரின் கை வாய்க்குப் போகிற பாதி வழியில் நின்றது. கையில் ஆறாவது பிஸ்கட். நிர்வாகத்தாரில் ஒருவருக்கு இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

"நிஜமாவே நீங்க இவ்வளவுதான் சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டார் மேலாளர். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

"அன்னைக்கு... சில சின்ன விஷயங்கள் விட்டுப்போயிருக்கலாம்" என்றார் பேராசிரியர்.

"அப்ப இவங்களுக்கும் விட்டுப்போயிருக்குமே. இவங்க எதை விட்டாங்க?"

பேராசிரியரைக் கவிழ்க்க மட்டும்தான் டேப்பக்கா திட்டம் போட்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உருளைகள் உறுமிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உருளைக்குப் பக்கத்திலும் இரண்டு பைக் கடலை. பொய் சொல்லியே ஆக வேண்டும். சட்டென்று நாத்தனாரின் சமையல் பாத்திரம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"புள்ளைங்க மிச்சம் வெச்சதை வழிச்சுத் திங்கறதை எந்தப் பொம்பளை சார் சாப்பாடுன்னு சொல்லுவா? உங்க வீட்ல போய்க் கேட்டுப் பாருங்க. அவங்களும் ஒண்ணும் சாப்பிடலைன்னுதான் சொல்லுவாங்க."

மேலாளர் தன் வீட்டையே யோசித்துப் பார்த்தார். அவர் மனைவி பதினெட்டு வருடமாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்லிவருகிறாளாம். அவரும் நம்பிக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சாப்பிடாதவள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது. அறிக்கையை மூடி ஓரமாகத் தள்ளினார். அளவு சரியாகத் தெரிகிற வரைக்கும் சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம் என்று நிர்வாகத்தாரிடம் சொன்னார். கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும்போது காரில் பேராசிரியர் அந்த நான்கு தாள்களையும் புரட்டிக்கொண்டே வந்தார். டேப்பக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வேலை போய்விட்டது என்று முடிவுசெய்து, தையல்காரரின் கடையில் பொத்தான் கட்டும் வேலைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"மனுஷங்க சாப்பிடறதைக் குறைச்சுத்தான் சொல்றாங்கன்னு நான் நிரூபிச்சிட்டேன், கவனிச்சீங்களா? என்னையே சோதனைக்கு உட்படுத்தி நிரூபிச்சிருக்கேன். இதுக்குத் துணிச்சல் வேணும். இதைத் தனிக் கட்டுரையா எழுதிடலாம். தாள்களை எடுத்து வைங்க."

டேப்பக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். முகத்தை இல்லை, மேல்கையை. முப்பத்திரண்டு மில்லிமீட்டராவது இருக்கும். எடுத்து வைக்கிறேன் சார் என்றாள். இப்படிப்பட்ட உடம்பை எந்த அவமானமும் ஊடுருவாது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தோலுக்கடியில் அவ்வளவு கனம்.

ஒன்றாம் தேதி மதியம் ஏதோ சாக்குச் சொல்லிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். மணி அடித்தது. உருளைகள் நின்றன. ஆவிக்குள்ளிருந்து இருநூறு பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். தட்டு, சோறு, பருப்பு, முட்டை. ஒருத்தியும் டேப்பக்காவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை அறையில் நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அறிவிப்பை யாரோ ஒட்டினார்கள், யாரோ கிழித்தார்கள், அவ்வளவுதான். மேலாளருக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்று ஒருத்தி சொல்ல, வயிற்றுப்புண் ஆறியிருக்கும் என்றாள் இன்னொருத்தி.

நாத்தனார் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பருப்பைக் கரண்டியால் தூக்கி ஊற்றிக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி, பருப்பா இது? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு பேசினீங்களே, முட்டையை ரெண்டாக்குங்கன்னு சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நன்றி கெட்டவ. மொதல்ல இருக்கறதைத் தின்னுடி" என்றாள் டேப்பக்கா. நாத்தனார் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.